சிறைப்பட்ட பெண்களுக்கு உபதேசமா வேண்டும்?

1982 மே மாதத்தில் பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே அம்மையார் பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைக் கண்டு பேசினார். அவர்களில் 5 பேர் போலீஸ் லாக்கப்பில் தாங்கள் தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள். பெண்கள் லாக்கப்புக்குப் பெண் போலீஸாரே காவலிருக்க வேண்டுமென்று 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சரிதான். காவல் மாறினால் காயம் ஆறிவிடுமா என்று கேட்கின்றோம்.

வெளியிலேயே பலாத்காரத்துக்கு ஆளாகி ஜெயிலுக்கு வரும் பெண்ணை வாசலில் துணியவிழ்த்துச் சோதிப்பது, ஆறாத புண்ணில் கோல் விட்டுக் கிளறுவதேயாகும். 2010-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள், இப்படிச் சோதிப்பதற்குப் பதில் கருவிகளைக் கொண்டு சோதிக்கச் சொல்லுகின்றன. உள்ளே வருகிறவளுக்கு முன்பு இக்கொடுமை நேர்ந்ததா என்று வைத்தியப் பரிசோதனையில் அறியவும், நேர்ந்திருந்தால் வழக்குத் தொடரும் உரிமையை அவளுக்கு எடுத்துச் சொல்லவும், மனவைத்தியம் அளிக்கவும் சொல்லுகின்றன.

நம் பெரியோர்கள் அனுப்புவதோ உபதேசம்! முன்ஜன்மப் பாவமாம்! இந்த ஜன்மத்துப் பாவி வெளியே மீசை முறுக்கித் திரிகிறான். கற்புப் போயிற்றென்று ஊர் பேசுமே என அவள் வாய் திறக்க அஞ்சுகிறாள். அவனுக்குக் கூலியில்லாத வக்கீல் இந்தக் கற்பென்னும் சொல்தான்.

உபதேசியாருக்கு ஒதுக்கும் நேரத்தை ஒரு மனவைத்தியருக்கும் ஒரு பெண் வக்கீலுக்கும் கொடுங்கள். அவள் பேசுவது காவலாளி காதில் விழாத அறை ஒன்றும் வேண்டும்.