‘நான் எழுதல, ஃபார்வேர்டு தான் பண்ணேன்’... இந்த பதில் கோர்ட்டில் எடுபடுமா?

வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு மெசேஜ் வருகிறது. படித்தும் படிக்காமலும் விரல் தானாக அந்த அம்புக்குறியைத் தொடுகிறது. குடும்ப குரூப், ஆபீஸ் குரூப், அபார்ட்மென்ட் குரூப் என மூன்று இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிறகு அது பிரச்சினையாகி யாராவது கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “நான் எழுதல சார். வந்ததை அப்படியே அனுப்பினேன், அவ்வளவுதான்.”

இந்த பதில் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு இடத்திலும் எடுபடவில்லை.

எஸ்.வி.சேகர் வழக்கில் நடந்தது என்ன?

2018 ஏப்ரல் மாதம். அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோஹித், செய்தியாளர் சந்திப்பில் ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தில் தட்டியது பெரிய சர்ச்சையானது. அவர் மன்னிப்பும் கேட்டார். அந்த நேரத்தில் பெண் பத்திரிகையாளர்களை மிக மோசமாக இழிவுபடுத்தி வேறொருவர் எழுதிய ஒரு பதிவை, நடிகரும் முன்னாள் எம்எல்ஏவுமான எஸ்.வி.சேகர் தனது ஃபேஸ்புக் பக்கத்தில் பகிர்ந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். முழுசாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. முன்ஜாமீன் மனுவை 2018 மே மாதம் தள்ளுபடி செய்த உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை ஃபார்வேர்டு செய்வது அதை ஏற்றுக்கொண்டு ஆதரிப்பதற்குச் சமம் என்றது. வழக்கை ரத்து செய்யக் கோரிய மனு 2023 ஜூலையில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன்பு வந்தபோது அதுவும் தள்ளுபடியானது. மெசேஜ் உங்கள் கையில் இருக்கும் வரை அது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுப்பிவிட்டால் வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி, அது செய்யும் சேதத்துக்கு அனுப்பியவரே பொறுப்பு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அடுத்து உச்ச நீதிமன்றம். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவரால் பதிவைப் படிக்க முடியவில்லை என்று வழக்கறிஞர் சொன்னார். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. சமூக வலைதளத்தைப் பயன்படுத்துபவர் அதன் வீச்சையும் தாக்கத்தையும் உணர்ந்து கவனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விளைவைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று கூறி, 2023 ஆகஸ்டில் மனுவைத் தள்ளுபடி செய்தனர். 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாத சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

எழுதியவரை விட்டுவிட்டு அனுப்பியவரை ஏன் பிடிக்கிறார்கள் என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு செய்தியை நாம் எப்படி நம்புகிறோம் என்று பார்த்தால் பதில் புரியும். தெரியாத நம்பரிலிருந்து வந்தால் சந்தேகப்படும் அம்மா, அதே மெசேஜை மகன் அனுப்பினால் சந்தேகப்படுவதில்லை. எழுதியவர் யார் என்பதே பெரும்பாலும் தெரியாது. அனுப்பியவரின் பேருக்காகத்தான் அது நம்பப்படுகிறது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. வாட்ஸ்அப் மெசேஜ்கள் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி குறியாக்கம் செய்யப்பட்டவை. முதன்முதலில் எழுதியவரைத் தேடிப் போவது கஷ்டம். குரூப்பில் போட்டவரின் நம்பரோ ஸ்கிரீன்ஷாட்டில் பளிச்சென்று இருக்கிறது. போலீஸ் முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான்.

நல்ல எண்ணத்தில் அனுப்பினால்?

எஸ்.வி.சேகர் வழக்கு, படித்திருந்தாலே தப்பு என்று தெரிந்திருக்கக்கூடிய ஒரு பதிவைப் பற்றியது. நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாலு பேருக்கு நல்லது என்று நினைத்து அனுப்புகிறோமே, அதில்.

2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வ வழிபாட்டுக்காக திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் போனது. வழியில் வண்டியை நிறுத்தியபோது, காரில் இருந்த மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று ஊருக்கு ஊர் வாட்ஸ்அப்பில் ஆடியோவும் வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அத்திமூர் அருகே கூடிய கும்பல் காரில் இருந்த எல்லோரையும் அடித்தது. மூதாட்டி இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர்.

அந்த வதந்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்கும்? பெரும்பாலானோர் அப்பா, அம்மாக்கள். ‘உஷாரா இருங்க, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க’ என்ற கடைசி வரியைப் பார்த்துப் பயந்து அனுப்பியவர்கள்.

அந்த வருஷம் இந்தியா முழுக்க சுற்றிய வீடியோக்களில் ஒன்று, இரண்டு பேர் பைக்கில் வந்து ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி. அது நிஜக் கடத்தலே இல்லை. பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்பு பற்றி ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வு வீடியோ. முடிவில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, ஒரு அட்டையில் எழுதிய வாசகத்தைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். விழிப்புணர்வு வீடியோ கடத்தல் வீடியோவானது இப்படித்தான்.

அதே ஆண்டு ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில், யாசகம் கேட்டு வந்த நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த 5 பேர் இதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் ‘ஃபார்வேர்டட்’ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடும் வந்தது. பலமுறை கைமாறிய மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் வந்த கட்டுப்பாடு. அந்த மெசேஜ்களின் மேல் தெரியும் இரட்டை அம்புக்குறியை ‘நிறைய பேர் பார்த்திருக்காங்க, அப்போ உண்மையாத்தான் இருக்கும்’ என்று எடுத்துக்கொள்பவர்கள் இன்னமும் உண்டு. அதன் அர்த்தம் நேர் எதிர்: உங்களுக்கு அனுப்பியவருக்கும் இதை எழுதியவருக்கும் சம்பந்தமே இருக்க வாய்ப்பில்லை.

2023 மார்ச்சில் நடந்தது வேறு வகை. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வட மாநிலங்களில் வீடியோக்கள் பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு, அவை பொய் என்று வீடியோவில் வந்து விளக்கினார். ஒன்று பீகார் தொழிலாளர்கள் இரு தரப்புக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். பீகார் அரசின் குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் தொழிலாளர்களிடம் பயம் பரவிவிட்டது. வீடியோவில் இருந்த காட்சி பொய்யில்லை. கூட ஒட்டிய வரிதான் பொய். இந்த வகையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் ‘கண்ணால பார்த்தேனே’ என்று தோன்றிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அதன் 353-வது பிரிவு, மக்களிடம் அச்சத்தைக் கிளப்பும் நோக்கத்துடனோ அதற்கு வாய்ப்புள்ள வகையிலோ பொய்த் தகவல், வதந்தியை உருவாக்குவதை மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. பரப்புவதையும் சேர்த்தே சொல்கிறது, மின்னணு வழியில் பரப்புவது உட்பட. 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. அது உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட நோக்கம் இல்லாமல் அனுப்பியிருந்தால் குற்றமாகாது. ‘நியாயமான காரணம்’ என்பதுதான் இங்கே முக்கியம். ‘மச்சான் அனுப்பினான்’ என்பது அந்தக் காரணமாகுமா என்பதை கோர்ட்தான் முடிவு செய்யும்.

உண்மையாகவே இருந்தாலும் அனுப்பக் கூடாதவை

பொய்யைப் பரப்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையைப் பரப்புவதும் குற்றமாகும் இடங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவியின் அடையாளம் தெரியும்படி எஃப்ஐஆர் வெளியே கசிந்தது, போனுக்குப் போன் பறந்தது. எஃப்ஐஆர் என்பதால் அது அசல் ஆவணம், பொய்யில்லை. ஆனால் அதை அனுப்பிய ஒவ்வொரு கையும் அந்தப் பெண்ணின் விவரத்தை இன்னொரு ஆளிடம் கொடுத்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க தமிழக அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-ல் பொள்ளாச்சி வழக்கிலும் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் வெளியானது, அப்போதும் இதே 25 லட்சம் இழப்பீட்டு உத்தரவு. பணம் கொடுக்கலாம். போன்களில் இருக்கும் அந்தப் பக்கங்களை யார் திரும்ப வாங்குவது?

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு. ‘நீதி கிடைக்கணும்னு தான் போட்டேன்’ என்பது உதவாது.

சிறார் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோ என்றால் இன்னும் கண்டிப்பு. ‘இந்த அயோக்கியனைப் பிடிக்கிற வரைக்கும் ஷேர் பண்ணுங்க’ என்று கோபத்தில் அனுப்புவதும் பரப்புவதுதான். அதை நீக்காமலும் புகார் செய்யாமலும் போனில் வைத்திருப்பதே சிக்கலாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இப்படி ஒன்று வந்தால் செய்ய வேண்டியது, யாருக்கும் அனுப்பாமல் 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கோ தேசிய சைபர் கிரைம் புகார் தளத்துக்கோ தெரிவிப்பது. பிறகு போனிலிருந்து நீக்கிவிடுவது.

அப்போ எதுவுமே பேசக் கூடாதா?

இந்த பயமும் வர வேண்டியதில்லை. 2012-ல் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை ஸ்தம்பித்ததைக் கேள்வி கேட்டு ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவரோடு, அந்தப் பதிவுக்கு லைக் போட்ட தோழியும் கைது செய்யப்பட்டார். நாடே கொதித்தது. அந்தக் கைதுகளுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசை, தலைவர்களை, கட்சிகளை விமர்சிப்பது குற்றமில்லை. சிலருக்கு எரிச்சலூட்டுகிறது என்பதாலேயே ஒரு பதிவு குற்றமாகிவிடாது. இதை போலீஸாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

வெறும் லைக் போடுவது? அது பரப்புவது ஆகாது என்று 2025-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஷேர் செய்தால் கதை வேறு.

குரூப் அட்மின்கள் பாடு என்ன? உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக வழக்குப் போட முடியாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது. அவரும் சேர்ந்து செயல்பட்டதற்கு ஆதாரம் வேண்டும். கேரள, மும்பை உயர் நீதிமன்றங்களின் கருத்தும் இதையொட்டியதுதான்.

அனுப்பியாச்சு, இப்போ என்ன செய்வது?

வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் நீக்கு’ வசதி சுமார் இரண்டு நாள் வரைதான் வேலை செய்யும். அதுவும் நீங்கள் போட்ட இடத்தில்தான். அங்கிருந்து வேறு குரூப்புக்குப் போன பிரதி அப்படியே இருக்கும். எஸ்.வி.சேகர் பதிவை நீக்கியும் வழக்கு நின்றதற்கு இதுவும் ஒரு பாடம். அதனால் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு இருந்துவிடுவதை விட, ‘நான் காலையில் போட்ட தகவல் தவறு, யாரும் அனுப்ப வேண்டாம்’ என்று அதே குரூப்பில் ஒரு வரி போடுவது அதிகம் பயன்படும். காணாமல் போன குழந்தை பற்றிய பதிவு என்றால் இது ரொம்பவே முக்கியம். குழந்தை வீடு வந்து சேர்ந்த பிறகும் படமும் அப்பாவின் போன் நம்பரும் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பதிவை அனுப்புவதற்கு முன்பு, அதில் தேதி இருக்கிறதா என்று பார்ப்பது, இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது, இரண்டுமே ஒரு நிமிஷ வேலை.

தவறு நம்முடையது என்றால் திருத்துவது சுலபம். குடும்ப குரூப்பில் பெரியப்பா போட்டிருந்தால்தான் சங்கடம். நாற்பது பேர் பார்க்க, ‘இது ஃபேக், இதெல்லாம் போடாதீங்க’ என்று ஒரு லிங்க்கைத் தூக்கிப் போட்டால், அவர் மெசேஜை நீக்க மாட்டார், விவாதத்துக்கு வருவார். இல்லையென்றால் குரூப்பை விட்டே போய்விடுவார். அடுத்த தீபாவளி வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. தனியாக ஒரு மெசேஜ் போதும்: “பெரியப்பா, அந்த வீடியோ நம்ம ஊர்ல எடுத்தது இல்லையாம், பழசாம். போலீஸே சொல்லியிருக்காங்க. நீங்களே குரூப்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”