வாசலுக்கு வரும் கல்லூரிகள்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் எமது கிராமங்களில் புதியதொரு நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. துண்டுப்பிரசுரங்கள் வருகின்றன. இலவசக் கருத்தரங்குக்கு அழைப்பு வருகிறது. மரியாதையாகப் பேசும் ஒருவர் வீடு தேடி வந்து, "ஐயா, உங்கட மகளுக்கு இடமிருக்கு, இந்தக் கிழமைக்குள்ள முற்பணத்தைக் கட்டினால் சரி" என்கிறார்.

கல்லூரிகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் இந்த வேலை தவறானதல்ல. பல்கலைக்கழகம் செல்லத் தகுதி பெறுவோரில் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லாத எமது நாட்டில் அது தேவையானதும்கூட. ஆனால் அதனைச் செய்பவர், கேட்கும் குடும்பத்துக்கு முழு உண்மையையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

மானிப்பாயிலும் அயலிலும் வாழும் குடும்பங்களில் பல 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவை. சிலருக்குக் காணி திரும்பக் கிடைத்தது. வேறு சிலரது செம்மண் தோட்டம் இன்னும் கம்பி வேலிக்கு அப்பால் கிடக்கிறது. பிள்ளைக்குக் காணியைக் கொடுக்க முடியாத தகப்பன் கல்வியையாவது கொடுக்க நினைக்கிறார். அதற்காகத் தாயின் நகை அடகுக்குப் போகிறது, எஞ்சிய காணியின் உறுதி ஈட்டுக்குப் போகிறது. இந்த ஏக்கத்தை ஆள் சேர்ப்பவர் நன்கறிவார். ஆகவே இங்கு சொல்லப்படும் பொய் வெறும் வியாபாரப் பொய்யல்ல. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவரை மறுபடியும் இழக்கச் செய்யும் பொய் அது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்பார்கள். பிள்ளையின் படிப்புக்கு ஒரு பொய்யும் ஆகாது.

பொய் எங்கிருந்து பிறக்கிறது? பெரும்பாலும் தரகுப் பணத்திலிருந்து. சேர்க்கும் தலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவர், "இந்தப் படிப்பு உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது" என்று சொன்னால் அவருக்கே நட்டம். இதனை உணர்ந்த அமெரிக்கா, அரச கல்வி உதவி பெறும் கல்லூரிகள் ஆட்சேர்ப்போருக்கு இவ்வாறு தலைக்கூலி கொடுப்பதை 1992 இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் அந்த உதவிக்கு உரித்தில்லாத வெளிநாட்டு மாணவரை வெளிநாட்டில் சேர்ப்பதற்கு அத்தடை இல்லை. தன் பிள்ளைக்கு ஒரு நீதி, ஊரார் பிள்ளைக்கு இன்னொரு நீதி!

தடை இருந்தும் அங்கே மோசடி நின்றுவிடவில்லை. படித்து முடித்தோரில் வேலை பெற்றவர் தொகையைப் பொய்யாகக் காட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கொரிந்தியன் கல்லூரிகள் 2015 இல் மூடப்பட்டன. அவற்றில் படித்த சுமார் 560,000 பேரின் 580 கோடி டொலர் கடனை இரத்துச் செய்வதாக 2022 இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. எமது அடகுக் கடையில் இருக்கும் தாலிக்கொடியை எந்த அரசு மீட்டுத் தரும்?

எமது நாட்டிலும் பாடம் உண்டு. மாலபேயில் இயங்கிய சைற்றம் நிறுவனத்துக்கு 2011 இல் மருத்துவப் பட்டம் வழங்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் அதன் பட்டதாரிகளைப் பதிவுசெய்ய இலங்கை மருத்துவ சபை மறுத்தது. வழக்குகளும் வேலைநிறுத்தங்களும் தொடர்ந்தன. 2017 இல் அதனை இல்லாதொழிக்க அரசு முடிவுசெய்தது. மாணவர்கள் பின்னர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். பட்டம் தரும் உரிமை வேறு, அப்பட்டத்தைக் கொண்டு தொழில் செய்யும் உரிமை வேறு என்பதை அம்மாணவர்கள் நடுவழியில் நின்று கற்றார்கள்.

வெளிநாட்டு மோகத்தின் கதையும் இதுவே. போலி அனுமதிக் கடிதங்களோடு கனடாவுக்கு அனுப்பப்பட்ட இந்திய மாணவர் பலர், நாடுகடத்தப்படும் அச்சத்தில் 2023 இல் வீதியில் இறங்கிப் போராடினர். அவ்வாண்டு டிசெம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியே உறுதிப்படுத்த வேண்டுமெனக் கனடா விதித்தது. கல்விக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் மேலாக மாணவர் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் 10,000 டொலரிலிருந்து 2024 ஜனவரியில் 20,635 டொலராகி, பின்னரும் உயர்ந்தது. படிப்புக் காலத்தில் வெளியே வேலை செய்யக்கூடியது கிழமைக்கு 24 மணித்தியாலமே. "போய் உழைத்துக் கடனைக் கட்டலாம்" என்பவர் இந்தக் கணக்கைச் சொல்கிறாரா?

விதை வெங்காயம் வாங்கும்போது கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். மாடு வாங்கும்போது சுழி பார்க்கிறோம். கல்லூரி விடயத்தில் மட்டும் வாய்ச்சொல்லை நம்பலாமா? பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

தொழிற்பயிற்சி நிலையமாயின், 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? நிலையத்தின் பதிவு ஒன்று, குறித்த பாடநெறிக்கான தர அங்கீகாரம் இன்னொன்று. இரண்டையும் கேளுங்கள். முடிவில் கிடைப்பது தேசிய தொழிற்றகைமையின் எத்தனையாம் மட்டம்? பட்டமாயின், அதனைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் ஏமாற வேண்டாம், அது கடை திறக்கவும் கிடைக்கும். "மாணவ விசா, ஆனால் உண்மையில் வேலைக்குத்தான்" என்று ஒருவர் சொன்னால், வேலைவாய்ப்பு முகவருக்குரிய உரிமத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் அவர் பெற்றிருக்கிறாரா என வினவுங்கள்.

முழுச் செலவையும், இடையில் விலகினால் திரும்பக் கிடைக்கும் தொகையையும், தமக்குக் கிடைக்கும் தரகையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எழுதித் தர மறுப்பவர் தம்மைப் பற்றிய முக்கியமான உண்மையைச் சொல்லிவிட்டார் என்றே கொள்ளலாம்.

ஆட்சேர்ப்போருக்கும் ஒரு வார்த்தை. திருச்சபைகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் பயிற்சி நிலையங்கள் இதற்கு விலக்கல்ல. நன்கொடையாளருக்குக் காட்டத் தொகை வேண்டுமென்று வகுப்பறையை நிரப்புவதும் தலைக்கூலியின் இன்னொரு வடிவமே. இதே மானிப்பாயில் 1848 இல் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார், பின்னர் அதனைத் தமிழிலேயே போதித்தார். படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போகாமல் ஊர்களில் வைத்தியம் செய்யவேண்டும் என்பதே அவர் எண்ணம். படிப்பும் அது தரும் வேலையும் அங்கே பொருந்தி நின்றன. ஒவ்வொரு நிலையமும் கடந்த ஆண்டு சேர்ந்தவர், முடித்தவர், படித்த தொழிலிலேயே வேலை பெற்றவர் ஆகிய மூன்று தொகைகளையும் வாசலில் எழுதி ஒட்டட்டும். தொகை சிறிதானால் வெட்கமில்லை. அதனை மறைப்பதே வெட்கம்.

பெற்றோரே, "இந்தக் கிழமைக்குள்" என்ற அவசரம் அவர்களுடையது. உங்கள் பிள்ளையின் வாழ்வு ஒரு கிழமைக்குள் முடிவதல்ல. உறுதியை ஈடு வைக்குமுன் பதிவை விசாரித்துப் பார்ப்போம்.