சீனம் கண்டவர்கள் காணாதவை

சீனப் பெருநகரம் ஒன்றில் சில மாதங்களோ சில ஆண்டுகளோ வாழ்ந்துவிட்டுத் தமிழில் எழுதுகிறவர்களின் அனுபவக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதலில் விமான நிலையத்தின் பிரம்மாண்டம். அடுத்து, நேரம் தவறாத பாதாள ரயில். பிறகு, தட்டில் கிடப்பது எந்தப் பிராணி என்று விளங்காமல் பழத்தையும் ரொட்டியையும் தின்று காலம் தள்ளிய கதை. அதன்பின் ஆங்கிலம் அறியாத கடைக்காரரிடம் கால்குலேட்டரை நீட்டிப் பேரம் பேசிய சாமர்த்தியம். முத்தாய்ப்பாக, 'நாம் எப்போது இப்படி ஆவோம்?' என்ற அங்கலாய்ப்பு. இந்த வாய்ப்பாட்டை இன்னும் எத்தனை காலம் இலக்கியம் என்று கொண்டாடிக்கொண்டிருக்கப் போகிறோம்?

வேறு ஊர்க்காரர்கள் இதை வாசித்துவிட்டுப் புன்னகையுடன் நகர்ந்துவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தாருக்கு அந்தச் சலுகை கிடையாது. தோல் வணிகத்தின் பொருட்டு ஹாங்காங்குக்கும் குவாங்சோவுக்கும் போய்வருவது இங்கே புதிய செய்தியன்று. சீனா நமக்குச் சந்தையாகவும் போட்டியாளராகவும் இருந்துவந்திருக்கிறது. அந்த நகரங்களின் அன்றாடம் நம் ஷூ கம்பெனிகளின் அன்றாடத்தோடு பிணைந்தது. ஆகவே அதைப் பற்றி எழுத வருகிறவரிடம் கூடுதலாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

குவாங்சோவையே எடுத்துக்கொள்வோம். அந்நகரின் ஒழுங்கை வியக்காத நம்மவர் இல்லை. அந்த ஒழுங்கு யார்மீது ஏறி நின்றது? சீனாவில் 1958 முதல் சட்டமாக இருந்துவரும் 'ஹுகோ' என்னும் குடிப்பதிவு முறை, கிராமத்தில் பதிவுபெற்றவரை நகரத்தில் அந்நியராகவே வைத்திருக்கிறது. 2003 மார்ச்சில் சன் ஷிகாங் என்ற 27 வயது வரைகலைஞர், தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லாத குற்றத்துக்காகக் குவாங்சோவில் பிடித்துச் செல்லப்பட்டார். மூன்றே நாளில், காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். ஒரு நாளிதழ் அதைத் துணிந்து வெளியிட்டது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அவ்வாண்டே அந்தக் காவல் முறை ரத்தாயிற்று. ஒரு சாவு ஒரு சட்டத்தையே வீழ்த்திய நகரம் அது. நம் கட்டுரையாளர்களுக்கோ அந்நகரத்தின் மேம்பாலங்கள்தாம் கண்ணில் படுகின்றன.

அருகிலுள்ள டோங்குவானுக்குப் போவோம். உலகின் புகழ்பெற்ற விளையாட்டுக் காலணிகளைத் தைத்துக் குவித்த ஊர். 2014 ஏப்ரலில் அங்கே யூ யுவென் காலணித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 40,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். சமூகக் காப்பீட்டுக்கு நிர்வாகம் பல ஆண்டுகளாக உரிய தொகையைச் செலுத்தவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. வேலைநிறுத்த உரிமை 1982ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே நீக்கப்பட்டுவிட்ட, அரசு சார்ந்த ஒரே தொழிற்சங்கக் கூட்டமைப்பை மட்டுமே அனுமதிக்கும் நாட்டில் அது நடந்தது. தொழிலாளர்களுக்கு உதவ முனைந்த ஆர்வலர்கள் காவலில் வைக்கப்பட்டனர். ஆயினும் பாக்கியைச் செலுத்த நிர்வாகம் இசைய நேர்ந்தது.

'இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கென்ன?' என்பீர்கள். யூ யுவெனின் தாய் நிறுவனம் தைவானைச் சேர்ந்த பௌ சென். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணி ஆலை அமைக்க அந்தக் குழுமம் தமிழக அரசுடன் 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்துகொண்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ என்ற மற்றொரு தைவான் நிறுவனத்தின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே 2023 ஏப்ரலில்தான் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத் திருத்தமும் நம் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்தபின் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. சீனத் தொழிலாளி கூடுதலாகக் கேட்கத் தொடங்கிய பிறகு, குறைவாகக் கேட்பவரைத் தேடி முதல் நகர்கிறது. டோங்குவானின் நேற்று, நாளை விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கப்போகிற நம் கிராமத்துப் பெண்ணின் விவகாரம்.

'அனுபவக் குறிப்பு எழுதுகிறவரிடம் தொழிலாளர் வரலாற்றைக் கேட்பது நியாயமா?' என்று ஒரு மறுப்பு எழும். நியாயம்தான் என்பேன். அன்றாடம் என்ற சொல்லின் பொருளே அதுதானே? உணவகத்தில் தட்டு எடுப்பவர், அடுக்ககத்தின் காவலாளி, தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர் இவர்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது நகரமன்று, விளம்பரப் பலகை. இப்படி எழுத முடியாது என்பதும் இல்லை. பெய்ஜிங்கின் பழைய சந்தொன்றில் குடியிருந்து பல்லவி அய்யர் ஆங்கிலத்தில் எழுதிய 'ஸ்மோக் அண்ட் மிரர்ஸ்' 2008இல் வெளிவந்தது. வசதியும் உயர்சாதிப் பிறப்பும் வாய்த்த ஆணுக்கு இந்தியா, ஏழைக்குச் சீனா என்று பொருள்படும் சங்கடமான முடிவுக்கு அதில் அவர் வருகிறார். அதை மறுக்கலாம், ஏற்கலாம். ஆனால் அது கழிப்பறை துப்புரவு செய்கிறவரையும் கண்கொண்டு பார்த்த ஒருவரின் முடிவு. சாதியின் பெயரால் தோலைத் தொடுபவரை ஒதுக்கிய சமூகத்தில் பிறந்த நமக்கு அந்தக் கேள்வி சுடவேண்டும்.

இதைச் சீன எதிர்ப்பாகக் கொள்ள வேண்டா. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுக் குட்டையின் சுவர் இடிந்து, உறக்கத்தில் இருந்த பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஹுகோ இல்லாமலேயே நாமும் நம் அந்நியர்களை உண்டாக்கிக்கொண்டோம். பாலாற்றை நாசமாக்கிய தோல் கழிவு குறித்து 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் மீண்டும் இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. இவற்றைப் பற்றி நம் இலக்கியத்தில் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன?

உள்ளூரில் எதைப் பார்க்கக்கூடாதென்று கண்ணைப் பழக்கிக்கொண்டோமோ, அதே கண்ணோடுதான் குவாங்சோவிலும் இறங்குகிறோம். டேனரியின் நாற்றத்தைத் தாண்டும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழகியவருக்கு, எந்த நகரமும் கண்ணாடிக்கு வெளியே மினுங்கத்தான் செய்யும். சீனாவைப் பற்றி எழுத வருகிற நண்பர்கள் முதலில் அந்தக் கண்ணாடியை இறக்கட்டும்.