எங்கும் இயங்கும் நிரலைக் கேளுங்கள்!

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், அங்கு விற்கும் ஆடையின் நூலிழைக் குறிப்பு பொதுவாக அவ்வந்நாட்டு ஆட்சிமொழியில் இருத்தல் வேண்டும் என்கின்றது. திருப்பூர்ப் பின்னலாடையில் செருமானியத்தையும் பிரெஞ்சையும் தவறின்றித் தைத்து அனுப்புகின்றோம். தைத்தவர் தம் கூலிச்சீட்டைத் தமிழில் கேட்டால் மட்டும், 'கணிப்பொறி ஏற்காது' என்று கைவிரிப்பார் உளர். கணிப்பொறி ஏற்கும், நிரல் எழுதுவோர்க்குத்தான் அக்கறை இல்லை.

'திருப்பூர்' என்பது நமக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறியில் உயிர்க்குறியும் புள்ளியும் தனியிடம் பெறுவதால் 10 குறிகள், யூ.டி.எப்-8 முறைக் கோப்பில் 30 பைட்டு. இதனை அறியாதவர் ஊர்ப்பெயருக்கு 9 குறிகளே ஒதுக்கினால், புள்ளி அறுந்து 'திருப்பூர' என்று அச்சாகும்! அண்டையிலுள்ள பொங்கலூரின் நிலை இன்னும் வேடிக்கை. அதன் முதலெழுத்தைப் பகரமும் ஒகரக் குறியுமாகவும் எழுதலாம். பகரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடுமுன் அவற்றை ஒரே வடிவாக்காத நிரல், பட்டியலில் இருக்கும் ஆளையே இல்லையென்று சாதிக்கும்.

மெய்யின்மேல் உயிர் ஏறும் என்பது தொல்காப்பிய நெறி. அகரமேறிய எழுத்தை அடியாக்கிப் புள்ளியைப் பின்னொட்டாக்கிய ஒருங்குறி அதற்கு மாறானதே. ஒவ்வோரெழுத்துக்கும் ஓரிடம் தரும் 'டேசு-16' முறையே தமிழுக்கு இயல்பானது. தமிழக அரசும் 2010இல் இரண்டையும் ஏற்றது. ஆயினும் டேசு-16, ஒருங்குறியின் தனிப்பயன்பாட்டுப் பகுதியில் நிற்பது. அதற்குரிய எழுத்துரு ஏற்றப்படாத கருவியில் வெறுங்கட்டமாய்த் தோன்றும். ஆளுக்கோர் எழுத்துரு, அலுவலகத்துக்கொரு குறியேற்றம் என்று நாம் முன்பு பட்டது போதாதா? விண்டோசு, மக்கின்தோசு, இலினக்சு, கைப்பேசி அனைத்திலும் குடியேறிவிட்டது ஒருங்குறியே. உள்ளம் ஒப்பாவிடினும், பிறரோடு பரிமாறும் நிரலுக்கு அதனையே கொள்க. டேசு-16க்கான கோரிக்கையைக் கைவிடவும் வேண்டா.

நிரல் கற்கும் நம் இளைஞர்க்கு ஒன்று. ஓர் இயங்குதளத்தோடு பிணைக்கும் கருவி எத்துணை எளிதாயினும் விலக்குக. பைத்தான் மொழி எல்லாத் தளங்களிலும் இயங்குவது. 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு சொற்களை ஒருங்குறியாகவே கையாள்கின்றது. சொல்லை எழுத்தெழுத்தாய்ப் பிரித்தெண்ண 'ஓப்பன்-தமிழ்' என்னும் கட்டற்ற நிரற்றொகுப்பும் உண்டு. (அதற்குத் தமிழ்ப் பெயரே இட்டிருக்கலாம்!)

மென்பொருள் வாங்கும் முதலாளிமார், பணம் எண்ணித் தருமுன், 'திருப்பூர்', 'பொங்கலூர்' என்னும் இரு பெயர்களையும் விண்டோசில் அடித்து, இலினக்சில் திறந்து, கைப்பேசியில் தேடிப் பார்க்கட்டும். பிழைபட்டால் நிரலைத் திருப்பியனுப்பட்டும்.