விட்டதைப் பிடித்தல்: ஒரு சொல்லும் ஒரு கணக்கும்

பெருங்கடவிளை, பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர்களில் லாட்டரிச் சீட்டு என்பது அரசே நடத்தும் வணிகம். கேரள அரசின் முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. களியக்காவிளையைத் தாண்டிக் குமரி மாவட்டத்துக்குள் நுழைந்தால் அதே விற்பனை குற்றம். தமிழ்நாடு அதை 2003இல் தடை செய்தது. எல்லையின் இருபுறமும் சட்டம் வேறு. ஆனால், பணத்தைத் தோற்ற தமிழர் இருபுறமும் சொல்வது ஒன்றுதான்: ‘விட்டதைப் பிடிக்க வேண்டும்.’

இந்தச் சொல்லுக்குக் கட்டப்பட்ட கணித வேடமே, தோற்குந்தோறும் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் முறை. காசினோக்களில் ஆடப்படும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் இம்முறைக்கு இன்றும் ஆதரவாளர் உண்டு. 10 ரூபாயில் தொடங்கி, தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால், ஒருமுறை வென்றதும் இழந்தது முழுவதும் 10 ரூபாய் ஆதாயத்தோடு திரும்பிவிடும் என்பது அவர்களின் வாதம். இது பொய்யன்று. பெரும்பாலான வேளைகளில் அப்படியே நடக்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

தொடர்ந்து பத்து முறை தோற்றால் 10, 20, 40 என்று ஏறிப் பத்தாம் பந்தயம் 5,120 ரூபாயாகும். மொத்த இழப்பு 10,230 ரூபாய். வெற்றிக்கும் தோல்விக்கும் சம வாய்ப்பு என்று தாராளமாகக் கொண்டாலும், இது 1,024இல் ஒருமுறை நேரும். எஞ்சிய 1,023 முறையும் பத்துப் பத்து ரூபாயாகச் சேர்வது எவ்வளவு? அதே 10,230. ஆக, சமநிலை ஆட்டத்திலேயே விளைவு சுழியம். பிளாக்ஜாக்கோ சமநிலை ஆட்டமன்று. ஆட்டக்காரர் முதலில் சீட்டெடுக்கிறார். அவர் 21ஐத் தாண்டினால், பின்னர் காசினோவின் கையும் 21ஐத் தாண்டினாலும் தோற்றவர் அவரே. ஒவ்வொரு பந்தயமும் பாதகமாக இருக்கையில், அவற்றை எந்த வரிசையில் அடுக்கினாலும் கூட்டுத்தொகை சாதகமாகாது.

கையில் வரம்பற்ற பணம் இருந்தால் இம்முறை வெல்லுமே என்பர். காசினோ மேசைகளில் பந்தயத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது இல்லையென்றே கொள்வோம். வரம்பற்ற செல்வம் உடையவருக்குப் பத்து ரூபாய் எதற்கு?

பிளாக்ஜாக்கை வெல்லவே முடியாது என்பதல்ல இதன் பொருள். வெளிவந்த சீட்டுகளைக் கணக்கில் வைத்து, எஞ்சிய கட்டு தமக்குச் சாதகமாகும்போது மட்டும் பந்தயத்தைக் கூட்டினால் வெல்லலாம் என்பதை எட்வர்ட் தார்ப் 1962இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அங்கே பந்தயம் கூடுவது எஞ்சிய சீட்டுகளைப் பார்த்து. இரட்டிப்பு முறையில் கூடுவது இழந்த பணத்தைப் பார்த்து. எந்தச் சீட்டுகள் போயின என்பது அடுத்த கையைப் பாதிக்கும். எவ்வளவு பணம் போயிற்று என்பது எதையும் பாதிக்காது.

இங்கேதான் மொழி நம்மை ஏமாற்றுகிறது. ‘விட்டது’ ஏதோ கைநழுவி அருகிலேயே நிற்பது போலவும், சற்று எட்டினால் ‘பிடித்து’விடலாம் போலவும் அத்தொடர் ஒலிக்கிறது. போன பணம் கைமாறி முடிந்தது. அடுத்த ஆட்டம் புதிய ஆட்டம். சிறு ஆதாயத்தைக் காட்டிப் பேரிழப்பில் தள்ளுவதே சூது என்பதையும், இழக்க இழக்க அதன்மீது பற்று பெருகும் என்பதையும் வள்ளுவர் ‘சூது’ அதிகாரத்தில் கண்டு சொன்னார். இரட்டிப்பு முறை அவ்விரண்டையும் விதிமுறையாகவே வகுத்துக்கொண்டது.

லாட்டரிச் சீட்டுக்கும் இது பொருந்தும். நேற்று விழாத சீட்டுக்கு ஈடாக இன்று இரண்டு வாங்குபவர், நேற்றைய இழப்பைச் சிறிதும் குறைப்பதில்லை. விற்ற தொகை முழுவதும் பரிசாகத் திரும்பாத ஒரு குலுக்கலில் இன்னும் கூடுதலாகப் பணம் போடுகிறார், அவ்வளவே. தடைச்சட்டம் களியக்காவிளையோடு நின்றுவிடுகிறது. இந்த நினைப்பு நிற்பதில்லை. நம் வகுப்பறைகளில் நிகழ்தகவைக் கற்பிக்க நாணயம் சுண்டும் ஆசிரியர்கள், அந்த 1,023க்கும் மீதமுள்ள ஒன்றுக்கும் உள்ள கணக்கையும் ஒருநாள் கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். கூலியில் பாதியைச் சீட்டுக்குக் கொடுக்கும் வீடுகளின் பிள்ளைகளும் அந்த வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.