கங்காணியும் கடமையும்

பல கைகள் கூடிச் செய்யும் வினை எதுவாயினும் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். தேர் இழுப்போர் ஆயிரவராயினும், அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் வடத்தை இழுத்தால்தான் தேர் நகரும். முட்டுக்கட்டை இடுவோர் இடமறிந்து இட்டால்தான் அது தெருமுனையில் திரும்பும். இத்தகைய ஒழுங்கை ஆராயும் துறையே மேலாண்மை இயல் எனப்படும். இஃது இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டுத் தொழிற்சாலைகளிலே பிறந்த புதுக்கலை என்று பலர் எண்ணுகின்றனர். அத்துறையின் புகழ்பெற்ற நூல்கள் அங்கே பிறந்தன என்பது உண்மையே. ஆயின், அந்நூல்கள் ஆராய்ந்த வினா மிகப் பழையது. பிறன் ஒருவன் கண்காணிக்கின்றான் என்பதற்காக மனிதன் உழைக்கின்றானா? அன்றி, வேலை தன்னுடையது என்பதற்காக உழைக்கின்றானா? இவ்வினாவிற்குப் புதுக்கோட்டைச் சீமையின் வயல்கள் அந்நூல்களுக்கு முன்பே ஒரு விடை கூறியுள்ளன.

புதுக்கோட்டை, 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்துடன் இணையும் வரை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானமாக விளங்கிற்று. 1974இல் தனி மாவட்டமாயிற்று. ஏரியையும் கண்மாயையும் நம்பி வாழும் பூமி அது. அங்கே அரசுக்குரிய நன்செய் நிலங்களில் ‘அமானி’ என்னும் முறை நெடுங்காலம் வழங்கிவந்தது. அம்முறையில் நிலவரி பணமாகச் செலுத்தப்படுவதில்லை. விளைந்த நெல்லையே அரசும் உழவனும் பங்கிட்டுக் கொள்வர். அரசின் பங்கு மேல்வாரம். உழவனின் பங்கு குடிவாரம்.

கேட்பதற்கு இது நேர்மையான ஏற்பாடாகவே தோன்றும். நடைமுறையிலோ நிலைமை வேறாயிருந்தது. உழவன் நெல்லைத் திருடிவிடுவான் என்று அரசு ஐயுற்றது. கதிர் முற்றத் தொடங்கியதும் வயல்தோறும் கங்காணிகள் அமர்த்தப்பட்டனர். கண்காணிப்பவன் என்பதே அச்சொல்லின் பொருள். களத்திலும் காவல், களஞ்சியத்திலும் காவல். காவலர் பெருகப் பெருகக் களவு குறைந்ததா எனின், இல்லை. கங்காணிகள் சிலர் களவுக்கு உடன்பட்டனர். எளியோரிடம் கையூட்டும் பெற்றனர். உழவனோ, கூடுதலாக உழைத்தால் பாதிப் பயன் பிறர்க்கே போகும் என்று எண்ணி, அமானி நிலத்தில் அக்கறை குன்றினான். வேலியே பயிரை மேய்ந்த கதையாக அவ்வேற்பாடு முடிந்தது.

இந்நிலையில், 1878ஆம் ஆண்டு சேஷையா சாஸ்திரி என்பார் சமஸ்தானத்தின் தலைமை நிருவாகியாகப் பொறுப்பேற்றார். அவர் முன்னர்த் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். புதுக்கோட்டையிலும் பின்னர்த் திவான் என்றே வழங்கப்பட்டார். அமானியின் கேடுகளை நன்குணர்ந்த அவர், கங்காணிகளுக்கு மேல் வேறு கங்காணிகளை அமர்த்தினாரல்லர். அமானி முறையையே அகற்றினார். நிலத்தின் விளைவை ஆராய்ந்து, இன்ன நிலத்திற்கு இவ்வளவு பணம் என்று வரியை வரையறுத்தார். வரி போக எஞ்சியதெல்லாம் உழவனுக்கே உரியதாயிற்று. வயலைக் காக்கும் பொறுப்பு, அதனைக் காப்பதில் பெருநலம் உடையவனிடமே சென்று சேர்ந்தது. மேலாண்மை என்னும் பெயரிடப்படாத மேலாண்மைச் சீர்திருத்தம் இதுவன்றோ?

இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்னும் பொறியாளர் உழைப்பை அளந்து ஆராயத் தலைப்பட்டார். பெத்லகேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளங்களைச் சுமந்து வண்டியில் ஏற்றுவோர், நாளொன்றுக்குத் தலைக்கு 12½ டன் ஏற்றி வந்தனர். வேலையையும் ஓய்வையும் முறைப்படுத்தினால் 47½ டன் ஏற்றலாம் என்று காட்டியதாக அவர் எழுதினார். அவருடைய ‘அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்’ 1911இல் வெளிவந்தது. மண்வாரியின் அளவு முதல் ஓய்வு நேரம் வரை அனைத்தையும் அளந்து காணலாம் என்று அவர் உலகிற்கு உணர்த்தினார். அது பெரும்பணியே. எனினும், சிந்திப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்று அவர் பிரித்தது குறையேயாகும். உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகியபோது கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக மட்டுமே உயர்ந்தது. நேரங்காட்டும் கடிகாரமே புதிய கங்காணியாயிற்று. 1911இல் வாட்டர்டவுன் படைக்கல ஆலைத் தொழிலாளர் அம்முறையை எதிர்த்து வேலையை நிறுத்தினர்.

பிரான்சு நாட்டில் சுரங்கப் பொறியாளராயிருந்து நிறுவனத் தலைவராக உயர்ந்த ஹென்றி பயோல் 1916இல் தம் கருத்துகளை வெளியிட்டார். திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்னும் ஐந்தும் நிருவாகத்தின் தொழில்கள் என்று அவர் வகுத்தார். டெய்லர் தொழிலாளியின் கையை ஆராய்ந்தார். பயோல் தலைவனின் கடமையை ஆராய்ந்தார்.

தொழிலாளியின் உள்ளத்தை ஆராயும் காலம் அதன்பின் வந்தது. சிக்காகோ நகருக்கு அருகிலிருந்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பல சோதனைகள் நடைபெற்றன. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதே முதல் வினா. ஒளிக்கும் உற்பத்திக்கும் நேரான தொடர்பு காணப்படவில்லை. எல்டன் மேயோ முதலிய அறிஞர், தம்மை மதித்துக் கருத்துக் கேட்கும் சூழலிலே தொழிலாளர் ஊக்கம் பெறுகின்றனர் என்று விளக்கினர். அச்சோதனைகளின் முடிவுகளைப் பின்வந்தோர் சிலர் மறுத்ததுண்டு. ஆயினும், தொழிலாளியும் மனிதனே என்னும் உண்மை அன்றுமுதல் மேலாண்மை இயலில் நிலையான இடம் பெற்றது. 1960இல் டக்ளஸ் மக்கிரிகர் என்பார், மனிதன் இயல்பாகவே சோம்பேறி என்று கருதும் நிருவாகம் ஒன்று, அவன் பொறுப்பை விரும்பி ஏற்பவன் என்று கருதும் நிருவாகம் மற்றொன்று என இரண்டாகப் பகுத்துக் காட்டினார். அமானிக்கும் அதனை அகற்றிய சீர்திருத்தத்திற்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

அங்ஙனமாயின் பொறுப்பை அளித்தால் மட்டும் போதுமா? போதாது. வரையறுத்த வரி நல்ல ஆண்டில் உழவனுக்கு இனிக்கும்; ஏரி வறண்ட ஆண்டில் அதுவே அவன் கழுத்தை நெரிக்கும். அமானியில், விளையாதபோது அரசின் பங்கும் குறைந்தது; புதிய முறையில், துணை செய்வார் இன்றேல் இழப்பு முழுவதும் உழவன் தலையிலேயே விழும். ஆதலின், பொறுப்பைத் தருபவர் இடர்க்காலத்தில் தோள் கொடுக்கவும் கடமைப்பட்டவர். பொறுப்பைத் தந்து கைகழுவுவது நம்பிக்கை ஆகாது, புறக்கணிப்பே ஆகும்.

இவ்வுண்மையை அதே மண்ணில் மற்றொரு நிகழ்ச்சியும் விளக்கிற்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுச்சியுடன் நடந்தது. பெண்கள் எழுத்தும் எண்ணும் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் பழகினர். அந்நாளில், ஒப்பந்தக்காரரின் கீழ்க் கல்லுடைத்துக் கூலி பெற்றுவந்த ஏழைப் பெண்கள் குழுக்களாகக் கூடினர். அவர்களிடமே கற்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. நேற்று வரை ஏவலுக்குப் பணிந்தவர்கள் இன்று கணக்கெழுதினர், கல்லின் விலை பேசினர், வருவாயைப் பங்கிட்டனர். அவர்கள் கைகள் புதியன அல்ல. உடைத்த பாறையும் புதியதன்று. பொறுப்பு ஒன்றே புதிது. அப்பொறுப்பைத் தாங்க எழுத்தறிவும் அரசின் ஆதரவும் துணைநின்றன. ஒப்பந்தக்காரரின் எதிர்ப்பு மிகுந்த இடங்களில் அத்துணை எவ்வளவு இன்றியமையாதது என்பதும் புலனாயிற்று.

மேலாண்மையைக் கற்பிக்கும் உயர்கல்வி நிலையங்கள் நம் நாட்டில் பெருகிவருகின்றன. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றின. 2011இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளிக் கழகம், புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியிலேயே அமைந்துள்ளது. அங்கே பயில்வோர் டெய்லரையும் மேயோவையும் கற்பது நன்று. அச்சாலை வழியே சற்று அப்பால் சென்று, ஒரு கண்மாய்க் கரையில் நின்று, அமானியின் கதையையும் கேட்டறிவது அதனினும் நன்று.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆளை ஆராய்ந்து தேர்ந்து பணியை ஒப்படைக்கும் திறம் அங்கே பேசப்படுகின்றது. அத்திறம் அரசர்க்கும் ஆலைத் தலைவர்க்கும் மட்டும் உரியதன்று. வகுப்புத் தலைவனாய் நிற்கும் மாணவனுக்கும், விளையாட்டுக் குழுவை நடத்தும் மாணவிக்கும் அது வேண்டும். தோழரைக் குறைகாணும் கங்காணியாய் நிற்பது எளிது. ஒவ்வொருவருக்கும் உரிய பணியைத் தந்து, தளரும்போது தோள் கொடுத்து, வென்றபோது பெருமையைப் பகிர்வது அரிது. அவ்வரிய செயலைச் செய்பவரே தலைவர்.