கூடையும் கைமுதலும்

மேல்நிலை வகுப்பில் கால்வைக்கும் நம் பிள்ளைகள் ‘நேரிய அசமன்பாடுகள்’ என்னும் பாடத்தைக் கண்டு முகம் சுளிப்பதைப் பல இல்லங்களில் காண்கிறோம். சமன்பாடு ‘இவ்வளவு’ என்று அறுதியிட்டுச் சொல்கிறது. அசமன்பாடோ ‘இதற்கு மேற்படாமல்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. குடும்பச் செலவை நடத்தும் தாய்மாருக்கு இந்த இரண்டாவது மொழியே அதிகம் பழகியது.

காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுத்து இராயபுரத்துத் தெருக்களில் விற்கும் ஒரு சகோதரியை எண்ணிப் பார்ப்போம். கைமுதல் 3,000 ரூபாய். தலையில் சுமக்கக்கூடியது 20 கிலோ. மத்தி கிலோ 100 ரூபாய், சங்கரா 200 ரூபாய் எனக் கொள்வோம். (கணக்கு எளிதாகும்பொருட்டு நாம் வைத்த விலை இது, ஏலக்காரர் நம்மைக் கேட்பதில்லை!)

வரைபடத்தாளின் கிடை அச்சில் மத்தியையும் செங்குத்து அச்சில் சங்கராவையும் குறிப்போம். சுமையின் கோடு இரு அச்சுகளையும் 20-இல் வெட்டும். பணத்தின் கோடு மத்தி அச்சை 30-இலும் சங்கரா அச்சை 15-இலும் வெட்டும். எந்தப் பக்கத்தை நிழலிடுவது என்று ஐயுறும் பிள்ளை ஆதிப்புள்ளியை இட்டுப் பார்க்கட்டும்: மீனே வாங்காதவருக்குப் பணமும் போதும், சுமையும் இல்லை, ஆகவே அப்பக்கமே சரி. இரு நிழல்களும் ஒன்றாய் விழும் நாற்கரத்திற்குள் அவர் எதையும் வாங்கலாம்.

கிலோவுக்கு மத்தியில் 20, சங்கராவில் 30 ரூபாய் மிஞ்சுமாயின் எதை எவ்வளவு எடுப்பது? நாற்கரத்தின் மூலைகளைப் பார்த்தாலே போதும். உள்ளே எங்கு நின்றாலும் ஆதாயம் கூடும் திசையில் இன்னும் நகர இடமுண்டு. நகர்ந்து ஓரத்தை அடைந்து, ஓரத்தின் வழியே மூலைக்கு வந்து சேர்வோம். மத்தி மட்டுமானால் 400 ரூபாய்; சங்கரா மட்டுமானால் 450; இரு கோடுகளும் சந்திக்கும் மூலையில், பத்தும் பத்துமாக, 500. தவக்காலத்து வெள்ளியன்று சங்கராவில் 50 ரூபாய் மிஞ்சினால், அதே மூலை 700 தர, சங்கரா மட்டுமே 750 தந்துவிடும்.

இக்கணக்கு வளர்ந்த கதையும் தொழிற்சாலையையும் துறைமுகத்தையும் சார்ந்ததே. சோவியத் நாட்டின் கான்டொரோவிச் 1939-இல் ஒட்டுப்பலகை ஆலையின் இயந்திரங்களுக்கு வேலை பங்கிடுவதிலும், கூப்மன்ஸ் இரண்டாம் உலகப்போரில் சரக்குக் கப்பல்களைப் பங்கிடுவதிலும் இதனைக் கண்டனர். 1975-இல் பொருளியல் நோபெல் பரிசை இருவரும் பகிர்ந்தனர். மூலைக்கு மூலை தாவும் முறையை டான்ட்சிக் 1947-இல் வகுத்தார். உட்புறமாகச் செல்லும் விரைவு வழியை 1984-இல் தந்தவர் குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர். மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கியது போன்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எந்தக் கச்சா எண்ணெயை எவ்வளவு வாங்குவதென்று தீர்மானிக்க உலகெங்கும் இம்முறையையே நாடுகின்றன. அங்கே கோடுகள் இரண்டல்ல, ஆயிரக்கணக்கில்.

மீண்டும் நம் சகோதரியிடம் வருவோம். சாதாரண நாளொன்றில் தண்டல்காரர் இன்னும் 1,000 ரூபாய் நீட்டுகிறார். வாங்கலாமா? முதல் 4,000 ஆனால் பணக்கோடு உயர்ந்து 20 கிலோ சங்கராவைத் தொடும், ஆதாயம் 600. அதாவது, கடன்பட்ட ஆயிரம் கூட்டித் தந்தது 100 ரூபாய்தான். வட்டி அதனைத் தாண்டினால் நட்டமே. மேலும் ஓராயிரம் வாங்கினாலோ, கூடை ஏற்கெனவே நிறைந்துவிட்டபடியால், ஒரு காசும் கூடாது. வட்டி மட்டும் ஏறும்.

கடனுக்குப் பதில் ஷேர் ஆட்டோவில் ஏறி, பழைய 3,000 ரூபாய்க்கே 25 கிலோ கொண்டுபோனால்? கட்டணம் எவ்வளவு வரை தாங்கும் என்பதைப் பிள்ளைகள் தாயாரோடு அமர்ந்து வரைந்து பார்க்கட்டும். விடை 50 ரூபாய்.